முதலில் பிரேக், பிறகுதான் இன்ஜின்: வீட்டில் ஒரு ராணுவ லாரியைப் பராமரிப்பது

ராணுவம் ஏலத்தில் விட்ட லாரி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "ஸ்டார்ட் ஆகுதா?" என்பதுதான். வாங்கியவருக்கும் கை அதற்குத்தான் துறுதுறுக்கும். பேட்டரியை மாட்டி, டீசலை ஊற்றி, பட்டனை அழுத்தினால் பல வண்டிகள் கிளம்பியும் விடும். அவ்வளவு கெட்டியான இன்ஜின்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. வருஷக்கணக்கில் வெட்டவெளியில் நின்ற லாரியில் பிரேக் முதலில் கெடும், இன்ஜின் கடைசியில்தான் கெடும். கிளம்பிய வண்டி நிற்கவும் செய்யும் என்று நம்பி உடனே கியர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

அதனால் என் வண்டியில் நான் பிடித்த வரிசை இது: பிரேக், சக்கரம், மின்சாரம், அதற்குப் பிறகு இன்ஜின். இத்தனை வருஷம் இந்த லாரியோடு பழகிய பிறகும் இந்த வரிசையை மாற்றத் தோன்றவில்லை.

என்னிடம் இருப்பது எம்35ஏ2. அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரி, மூன்று அச்சுகளும் இழுக்கும் 6×6. ரியோ நிறுவனம் வடிவமைத்த எம்35 குடும்பம் 1950களின் தொடக்கத்தில் படைக்கு வந்தது. இரண்டரை டன் என்பது சாலையில்லாத தரையில் ஏற்றலாம் என்று வைத்த சுமை. நல்ல சாலையில் அதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றலாம். வெறும் வண்டியே ஆறு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்த எடையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் இனி வரும் எச்சரிக்கைகள் எல்லாமே அந்த எடையிலிருந்து பிறந்தவை. வேறு ராணுவ லாரி வைத்திருப்பவர்களுக்குப் பாகங்கள் மாறும், வேலையின் வரிசை அதிகம் மாறாது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள். ராணுவ வண்டி வாங்குகிறவருக்குக் கிடைக்கும் பெரிய சொத்து அதன் கையேடுகள்தான். சாதாரண லாரிக்கு இவ்வளவு விரிவான புத்தகம் கிடைக்கவே கிடைக்காது. எம்35ஏ2வுக்கு டிஎம் 9-2320-361 என்ற வரிசை இருக்கிறது. எண்ணின் முடிவில் 10 என்று இருந்தால் அது ஓட்டுநருக்கு, 20 என்றால் படைப்பிரிவின் பணிமனைக்கு, 34 என்றால் இன்ஜினையும் கியர் பெட்டியையும் பிரித்துப் போடுகிற பெரிய பணிமனைக்கு. எந்த இடத்தில் எந்த கிரீஸ், எந்த ஆயில், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்று சொல்லும் மசகு அட்டவணை தனியாக உண்டு. 10ஆம் புத்தகத்தை ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடுவது நல்லது. படித்ததுமே வண்டி பாதி பழகிவிடும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் முகாமில் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதியது, ஆகவே படமும் விளக்கமும் தாராளமாக இருக்கும்.

அந்தப் புத்தகங்களில் நான் தினமும் பயன்படுத்தும் பாடம் ஒழுகலைப் பற்றியது. ராணுவம் ஒழுகலை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. ஈரம் தெரிகிறது, சொட்டாகத் திரளவில்லை என்றால் முதல் வகுப்பு. சொட்டு திரண்டு நிற்கிறது, விழவில்லை என்றால் இரண்டாம் வகுப்பு. சொட்டுச் சொட்டாக விழுந்தால் மூன்றாம் வகுப்பு. இவ்வளவு பழைய வண்டியின் அடியில் முதலிரண்டு வகுப்பும் எங்காவது இருந்துகொண்டே இருக்கும். அளவைப் பார்த்து நிரப்பிக்கொண்டு ஓட்டலாம். பிரேக்கிலும் எரிபொருளிலும் மட்டும் வகுப்புப் பார்க்காதீர்கள். ஈரம் தெரிந்தாலே வண்டி நிற்க வேண்டும்.

இப்போது பிரேக். எம்35ஏ2வில் இருப்பது திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், அதற்குக் காற்று துணை செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் அழுத்தம் ஏர்பேக் என்கிற சிலிண்டருக்குப் போகும். அங்கே டேங்கிலிருக்கும் காற்று அந்த அழுத்தத்தைப் பல மடங்காக்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும். காற்று இல்லாவிட்டாலும் பெடல் வேலை செய்யும், ஆனால் கல்லை மிதிப்பதுபோல் இருக்கும், வண்டி நிற்க வெகுதூரம் எடுக்கும். இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. முழு வண்டிக்கும் ஹைட்ராலிக் சுற்று ஒன்றே ஒன்றுதான். இன்றைய வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் பிரிந்த சுற்றுகள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். இந்த லாரியில் எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் எல்லாச் சக்கரங்களிலும் ஒரே நேரத்தில் பிரேக் போய்விடும். மிச்சமிருப்பது கை பிரேக். அதுவும் சக்கரத்தில் இல்லை, இன்ஜினின் இழுவையை அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. நிறுத்திய வண்டியைப் பிடித்து வைக்கத்தான் அது.

ஆகவே முதல் செலவு ரப்பர் ஹோஸ்கள்தான். வெளியே விரிசல் இல்லை, பார்க்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஹோஸ் உள்ளுக்குள் வீங்கும். வீங்கிய ஹோஸ் வழியாக, மிதிக்கும்போது திரவம் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருக்கும், டிரம் கொதிக்கும். என் வண்டியின் முன்சக்கரம் ஒன்று அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தது. ஹோஸை மாற்றியதும் சரியானது. ஹோஸ்களோடு இரும்புக் குழாய்களையும் முழு நீளத்துக்குக் கையால் தடவிப் பாருங்கள். சேஸிஸில் கிளிப் பிடிக்கும் இடங்களில் ஈரம் தங்கி அரித்திருக்கும்.

பிரேக் திரவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் தன் வண்டிகளைச் சிலிக்கோன் திரவத்துக்கு மாற்றியது. சந்தையில் டாட் 5 என்று கிடைப்பது அதுதான், ஊதா நிறத்தில் இருக்கும். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை. டாட் 5.1 என்று ஒன்று இருக்கிறது. எண்ணைப் பார்த்து அதுவும் சிலிக்கோன் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. சிலிக்கோனும் கிளைக்காலும் ஒன்றோடொன்று கலக்காது. முதலில் மூடியைத் திறந்து உள்ளே இருப்பது எது என்று பாருங்கள். பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது. கிளைக்கால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தன்னோடு கலந்துகொள்ளும். சிலிக்கோன் உறிஞ்சாது. அதனால் அதை மாற்றவே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உறிஞ்சாத திரவத்துக்குள் எப்படியோ புகுந்த தண்ணீர் தனியாகப் பிரிந்து தாழ்வான இடம் தேடிப் போய் உட்காரும். தாழ்வான இடம் எது? சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர். என் வண்டியின் பின் அச்சில் பிரித்த சிலிண்டரின் அடிப்பகுதியில் மட்டும் குழிகுழியாகத் துரு, மேல்பகுதி கண்ணாடிபோல் பளபளப்பு. தண்ணீர் நின்ற மட்டம் கோடு போட்டதுபோல் தெரிந்தது.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் கால் வைக்கும் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கே திரவத்தைப் பார்க்கக் குனிந்து, தகட்டைத் திறந்து, மூடியைக் கழற்ற வேண்டும். இந்தச் சிரமத்துக்காகவே பலர் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை ஓட்டினால் வாரம் ஒருமுறை பாருங்கள். திறப்பதற்கு முன் சுற்றிலும் இருக்கும் மண்ணைத் துடைத்துவிட வேண்டும். ஏர் எடுக்கும்போது, அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, ஏர்பேக்கில் தொடங்கி, பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து அருகிலிருக்கும் சக்கரத்துக்கு வாருங்கள். சிலிக்கோன் திரவத்தை வேகமாக ஊற்றினால் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள் அதற்குள் சிக்கிக்கொண்டு லேசில் வெளியே வராது. டப்பாவைக் குலுக்காமல் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். பெடல் பஞ்சுபோல் இருந்தால் ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் மறுபடி எடுங்கள்.

லைனிங்கை, அதாவது டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டையை, பார்க்க வேண்டும் என்றால் இந்த லாரியில் குறுக்கு வழி கிடையாது. டிரம் ஹப்பின் உள்பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஆக்சில் ஷாஃப்டை உருவி, பேரிங் நட்டுகளைக் கழற்றி, ஹப்பும் டிரம்மும் சேர்ந்தே வெளியே வர வேண்டும். அதனால் பிரேக் வேலை என்று தொடங்கினால் பேரிங் வேலையும் ஆயில் சீல் வேலையும் கூடவே செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். பேரிங்கை டீசலில் கழுவிக் காயவைத்து, உருளைகளையும் அவை ஓடும் தடத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியது, குழி விழுந்திருந்தால் தண்ணீர் புகுந்தது. இரண்டுக்கும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கிரீஸை உருளைகளுக்கு இடையில் உள்ளங்கையால் அழுத்தி ஏற்ற வேண்டும். மேலே பூசிவிட்டால் போதாது.

பேரிங் நட்டுக்கு அதன் அளவிலான பெரிய சாக்கெட் வாங்கிவிடுங்கள். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றிய அடையாளம் பல வண்டிகளில் இருக்கும். அப்படித் தட்டி இறுக்கிய நட்டில் பேரிங்கின் அளவு சரியாக அமையவே அமையாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கி, புத்தகம் சொல்லும் அளவுக்குத் தளர்த்தி, பூட்டுத் தகட்டைப் போட்டு, வெளி நட்டை இறுக்க வேண்டும். வெளி நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஆட்டம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது உள் நட்டைக் கொஞ்சம் தள்ளியிருக்கும்.

சீலை மாற்றியும் லைனிங்கில் ஆயில் வருகிறது என்று புலம்புகிறவர்கள் அச்சின் மேலிருக்கும் மூச்சுத் துளையைப் பாருங்கள். ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகிக் காற்று விரியும். துளை மண்ணடைத்திருந்தால் அந்த அழுத்தம் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். துளையைச் சுத்தம் செய்ய அஞ்சு நிமிஷம் போதும். ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடேறினால் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்று அடித்து ஊதவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நல்ல முகக்கவசமும் வேண்டும்.

இந்த வேலைக்கெல்லாம் வண்டியைத் தூக்கியாக வேண்டும். கெட்டியான சிமென்ட் தரை இல்லையென்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த இரும்புத் தகடு போடுங்கள். தூக்குவது அச்சைப் பிடித்துத்தான். சேஸிஸைப் பிடித்துத் தூக்கினால் ஸ்பிரிங் பட்டைகள் நீண்டு தொங்குமே தவிரச் சக்கரம் லேசில் தரையை விட்டு எழும்பாது, வண்டியும் மேலே ஆடிக்கொண்டு நிற்கும். பின் அச்சுகளில் ஆக்சில் ஷாஃப்டுகளைக் கழற்றக் கழற்ற, கை பிரேக்கின் பிடியும் போய்க்கொண்டே வரும், ஏனென்றால் அது அந்த ஷாஃப்டுகள் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது, ஒரு நிமிஷ வேலையாக இருந்தாலும். டயரோடு சேர்ந்த ஒரு சக்கரமே நூறு கிலோவை நெருங்கும். இரட்டைச் சக்கரமும் ஹப்பும் டிரம்மும் சேர்ந்தால் ஒருவர் தாங்கும் எடையே இல்லை. தரையில் ஒரு தகட்டைப் போட்டு அதில் கிரீஸ் தடவி, சக்கரத்தின் அடிப்பகுதி அதில் லேசாகப் படும் அளவுக்கு அச்சை இறக்கினால், இழுத்தும் தள்ளியும் வெளியே எடுத்துவிடலாம். முதுகுக்கு இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை.

சக்கர நட்டுகள். வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களில் மரை இடப்பக்கமாக ஓடும். வழக்கமாகக் கழற்றும் திசையில் நெம்பினால் அது இறுகும். நீளமான குழாயைச் செருகி நெம்பி, நட்டு ஏறும் ஸ்டட்டையே உடைத்தவர்கள் நிறைய. ஸ்டட்டின் முனையில் எல் என்ற எழுத்து பொறித்திருக்கும், துருவைத் தேய்த்துப் பாருங்கள். பின்னால் இரட்டைச் சக்கரத்துக்கு இரண்டு அடுக்கு நட்டு. உள் சக்கரத்தைப் பிடிப்பது தொப்பி வடிவ நட்டு, அதன் மேல் வெளிச் சக்கரத்தின் நட்டு. உள் நட்டை இறுக்க வேண்டுமானால் வெளி நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் இறுக்க முடியும். வெளியே இறுக்கமாக இருக்கிறதே என்று விட்டால், உள்ளே தளர்ந்த சக்கரம் ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாகத் தின்னும்.

டயரில் பட்டன், அதாவது தரையில் தேயும் ரப்பர் கட்டைகள், நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ராணுவ வண்டி குறைவாக ஓடியிருக்கும், ரப்பருக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே இருக்கும். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் 2000க்கு முன் செய்தது. அதை வைத்து வண்டியை வாசலில் நகர்த்தலாம், சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. முக்கியமாக முன் டயர்கள்.

வீட்டில் செய்யவே கூடாது என்று நான் ஒதுக்கி வைத்திருக்கும் வேலை ஒன்று உண்டென்றால் அது லாக் ரிங் சக்கரத்தில் டயர் மாற்றுவது. இந்த 20 அங்குல ரிம்மில் டயரைப் பிடித்து வைப்பது தனியாக மாட்டும் ஒரு இரும்பு வளையம். துருப்பிடித்தோ வளைந்தோ சரியாக உட்காராமலோ இருந்தால், காற்று ஏறும்போது அந்த வளையம் தெறிக்கும். எதிரில் இருப்பவர் பிழைப்பது அரிது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் 1910.177 என்ற பிரிவு இந்த வகைச் சக்கரங்களுக்கும் பொருந்தும். கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும், வால்வில் கவ்விக்கொள்ளும் முனையும் தள்ளி நின்று இயக்கும் நீளத்துக்குக் குழாயும் வேண்டும், குறித்த அளவில் 80 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ காற்று இருந்தபடி ஓடிய டயரை அச்சிலிருந்து கழற்றுவதற்கு முன்பே வால்வின் உள்ளூசியை எடுத்து முழுக்கக் காற்றிறக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கடைசி விதியை வீட்டிலும் அப்படியே பின்பற்றுங்கள். சப்பையாக நிற்கும் டயரைப் பார்த்ததும் கம்ப்ரசரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். காற்றில்லாமல் ஓடியபோது வளையம் இடம் மாறியிருக்கலாம். உள்ளூசியை எடுத்து, சக்கரத்தைக் கழற்றி, கூண்டு வைத்திருக்கும் லாரி டயர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக. ரேடியோவுக்கோ விளக்குக்கோ 12 வோல்ட் வேண்டும் என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுப்பது பரவலாக இருக்கிறது. அந்த ஒன்று எப்போதும் குறையும், மற்றது எப்போதும் மிகையாக ஏறும், இரண்டும் சேர்ந்தே சாகும். ஒரு கன்வெர்ட்டர் போட்டுவிட்டால் தீர்ந்தது. ராணுவ ஒயரிங்கில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு ஒயரின் முனையிலும் எண் பொறித்த சிறு உலோகப் பட்டை இருக்கும். புத்தகத்தின் படத்தில் அதே எண். ஐம்பது வருஷத்துக்கு முன் யாரோ மாட்டிய ஒயரை இன்று தடுமாறாமல் தேடிப் பிடிக்க முடிகிறது. புது ஒயர் போட்டால் நீங்களும் எண் கட்டிவிடுங்கள். விளக்கு எரியவில்லை, கேஜ் தாறுமாறாக ஆடுகிறது என்றால் பாகத்தை மாற்றுவதற்கு முன் எர்த் இணைப்புகளைக் கழற்றிப் பெயின்ட்டையும் துருவையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்குங்கள். பாதி நோய் அதிலேயே போய்விடும். மூன்று நெம்புகோல் உள்ள விளக்கு சுவிட்சைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். இருட்டடிப்பில் ஓடுவதற்கென்று செய்தது அது. சுவிட்ச் அணைந்த நிலையில் பகலில் ஓட்டினால், பிரேக் மிதித்தாலும் பின்னால் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. சாலைக்குப் போகும்போது சுவிட்சை அதற்குரிய நிலையில் வைக்கப் பழகுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் இன்ஜின். என் வண்டியில் இருப்பது டர்போ வைத்த எல்டிடி-465, 478 கன அங்குலம், ஆறு சிலிண்டர். ஜெர்மனியின் எம்ஏஎன் நிறுவனத்தின் முறைப்படி, பிஸ்டன் தலையிலேயே உருண்டையாகக் குடைந்த குழிக்குள் எரிபொருள் எரிகிறது. அழுத்த விகிதம் 22க்கு 1. அதனால்தான் டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் என்று கிடைத்ததைக் குடித்து ஓடும். பெட்ரோல்கூட அவசரத்துக்கு ஓடும். அந்த அவசரம் போர்க்களத்துக்குரியது. வீட்டில் வைத்திருப்பவர் பழைய இன்ஜின் ஆயிலையும் பொரித்த எண்ணெயையும் ஊற்றிச் சிக்கனம் பண்ணலாம் என்று கிளம்பினால், ஃபில்டர்களும் இன்ஜெக்ஷன் பம்ப்பும் அந்தச் சிக்கனத்தை வட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்ளும். அந்த பம்ப்பைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சுத்தமான டீசல் ஊற்றுங்கள்.

நெடுநாள் நின்ற இன்ஜினைக் கிளப்பும் முன் நிறுத்தும் வழியைச் சரிபாருங்கள். டீசலுக்குத் தீப்பொறி கிடையாது, சுவிட்சை அணைத்தால் நிற்காது. டாஷ்போர்டில் இருக்கும் நிறுத்துக் கைப்பிடியை இழுத்தால் ஒரு கேபிள் எரிபொருளை வெட்டும். கேபிள் துருவில் சிக்கியிருக்கிறதா, அதன் மறுமுனை பம்ப்பில் முழுக்க நகர்கிறதா என்று ஒருவர் இழுக்க ஒருவர் பார்க்க வேண்டும். பம்ப்புக்குள் எரிபொருளை அளக்கும் பாகம் பிசின்போல் ஒட்டிக்கொண்டிருந்தால், கிளம்பியதும் இன்ஜின் தறிகெட்டு வேகமெடுக்கும். அதற்காகக் காற்று உறிஞ்சும் வாயை மூடும் அளவுக்கு ஒரு கெட்டியான பலகையை வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ மூட முயலக் கூடாது. பிறகு நிறுத்துக் கைப்பிடியை இழுத்து வைத்தபடியே ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விட்டுவிட்டு, மோட்டார் ஆற நேரம் கொடுத்து. ஆயில் கேஜ் முள் எழுந்த பிறகுதான் கைப்பிடியை உள்ளே தள்ளி நிஜமாகக் கிளப்ப வேண்டும். வறண்டுபோன பேரிங்கிலும் டர்போவிலும் ஆயில் ஏறியபின் இன்ஜின் பிடிப்பது மனதுக்கும் நிம்மதி.

ஓடத் தொடங்கிய பின் இரண்டு வழக்கம். ஒன்று, டிப்ஸ்டிக்கைத் தினமும் பார்ப்பது, குறைந்திருக்கிறதா என்று மட்டுமல்ல, கூடியிருக்கிறதா என்றும். மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை வந்தால், பம்ப்பின் சீல் வழியாக எரிபொருள் ஆயிலில் இறங்குகிறது என்று அர்த்தம். நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும். மற்றது, 2600 ஆர்பிஎம்மைத் தாண்டவிடாமல் ஓட்டுவது. இந்த இன்ஜினுக்கு அதுதான் எல்லை. இறக்கத்தில், எரிபொருளைக் குறைத்து இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் அங்கே சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்றுகின்றன. அதிக வேகத்தில் இறங்கும்போது கீழ் கியருக்கு மாற்றினால் கனெக்டிங் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நிறுத்துவதற்கு முன் சில நிமிஷம் ஐடிலில் விட்டு டர்போவை ஆறவிட வேண்டும்.

காற்று டேங்குகளை ஓட்டிய ஒவ்வொரு நாளும் திறந்து தண்ணீரை வடியுங்கள். கிளப்பியதும் அழுத்தம் சுமார் 60 பிஎஸ்ஐயைத் தாண்டி எச்சரிக்கை பஸ்ஸர் அடங்கும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். ஒயரைப் பிடுங்கிவிட்ட பஸ்ஸர்கள் பல வண்டிகளில் உண்டு. முதல் வேலையாகத் திரும்ப மாட்டுங்கள். முன் அச்சின் ஸ்டியரிங் மூட்டுகளைச் சுற்றி ரப்பர் உறைகள் இருக்கும், கிழிந்திருந்தால் உள்ளே தண்ணீரும் மண்ணும் புகும். அச்சுகளில் ஆயில் மாற்றும்போது நிரப்பும் அடைப்பான் கழல்கிறதா என்று பார்த்துவிட்டு வடிக்கும் அடைப்பானைத் திறக்க வேண்டும். பெயின்ட் விஷயத்தில் ஒன்றுதான்: 1980களுக்குப் பிறகு அடித்த ராணுவப் பூச்சுகளிலும் அடிப்பூச்சுகளிலும் நுரையீரலுக்குக் கேடான ரசாயனங்கள் உண்டு. காய்ந்த பூச்சை உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

பாகங்கள் வாங்குவதில் ராணுவச் சரக்கு எண் பெரிய உதவி. 13 இலக்கம், முதல் நான்கும் பாகத்தின் வகுப்பைச் சொல்லும். 2530 என்றால் பிரேக், ஸ்டியரிங், அச்சு, சக்கரம். 2910 எரிபொருள் அமைப்பு. 3110 பேரிங். எண்ணை வைத்துத் தேடினால் பெயர்க் குழப்பமே வராது. பெட்டி பிரிக்காத பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கும், இரும்புப் பாகமானால் தாராளமாக வாங்கலாம். ரப்பர் இருக்கும் பாகமானால் உறையின் மேல் பாருங்கள். ரப்பர் பதப்படுத்திய காலாண்டும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். புத்தம்புதிதாக மெழுகுத்தாளில் சுற்றி வந்த வீல் சிலிண்டருக்குள் முப்பது வருஷம் கிடந்த ரப்பர் கப் இருந்தால் அது புதுப் பாகம் ஆகாது. சிலிண்டரை வைத்துக்கொண்டு கப்பை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடித்து முதல் முறை ஓட்டும்போது வாசலிலேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக் பாருங்கள், பிறகு வண்டிகள் வராத சமதளப் பாதையில் சில கிலோமீட்டர். நிறுத்தியதும் இறங்கி ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பேரிங் இறுக்கமோ பிரேக் உரசலோ இருக்கிறது. சக்கர நட்டுகளை அப்போதே மறுபடி இறுக்குங்கள், உள் வரிசை முதலில். அதற்கு மேல் சில மாதம் நிறுத்தி வைப்பதானால், எரிபொருள் டேங்கை நிரப்பி, காற்று டேங்குகளை வடித்துத் திறந்து வைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டுக் கை பிரேக்கை விடுவித்து வையுங்கள், இல்லையென்றால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, இன்ஜின் மட்டுமல்லாமல் கியர் பெட்டியும் அச்சுகளும் சூடாகும் தூரத்துக்கு ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுவது அச்சுக்கும் பிரேக்குக்கும் எதுவும் செய்யாது.